அஞ்சலை கேட்ட வேலை

என் கண்ணான ராசம்மா அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களா? போய்ச் சேர்ந்தவங்களை இப்படிக் கேக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. கேக்கத்தான் வாய் வருது, கேட்டுட்டேன். இங்க நாங்க எல்லாரும் சுகமா இருக்கோம்.

இது யாரு கையெழுத்துன்னு முழிக்காதீங்க. ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி வீட்டுப் பொண்ணைக் கெஞ்சி எழுத வைக்கல, வாத்தியார் வீட்டு வாசல்ல போய் நிக்கவும் இல்ல. நானேதான் எழுதறேன். முனியம்மாவுக்கு எழுத்து எப்ப வந்துச்சுன்னுதானே கேக்கறீங்க? சொல்றேன், பொறுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை உங்களுக்கு வருசப் படையல். உங்களுக்குப் பிடிச்ச நெத்திலிக் கருவாடும் மரவள்ளிக் கிழங்கும் வைக்கணும்னு அண்ணன் இப்பவே சொல்லிட்டாரு. படையல் போட்டதும் இந்தக் கடுதாசியை லயத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி உரக்கப் படிக்கப் போறேன். சில பேருக்கு உறைக்கும். உறைக்கட்டும்.

முதல்ல கொட்டகை சேதி. நீங்க போனப்புறம், புள்ளைங்களை விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகையை யாரு பாத்துக்கறதுன்னு பெரிய கிராணி காலைல பேர் கூப்பிடற பெரட்டுல கேட்டாரு. கித்தா மரத்துல ரப்பர் பால் வெட்டற கத்தியைக் கீழ வச்சுட்டு நான் போய் நின்னேன். "முனியம்மா வாயைக் கேட்டா தொட்டில்ல கிடக்கிற புள்ளகூட எந்திரிச்சு ஓடிருமே"ன்னு ஒருத்தி சொன்னா. யாருன்னு சொல்ல மாட்டேன், வெள்ளிக்கிழமை அவளும் இங்கதான் உக்காந்திருப்பா. அடியே, ஒரு புள்ளயும் ஓடலடி.

மேல அத்தாப்பு ஓலை ஒழுகிட்டிருந்துச்சே, அதை மாத்திட்டாங்க. கைப்புள்ளைங்களுக்குத் தொட்டில் கட்டற மரம் உளுத்துப் போச்சுன்னு நான் சத்தம் போட்டதுல அதையும் மாத்திட்டாங்க. நீங்க இருந்தா "மெதுவாப் பேசு முனியம்மா"ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்திருப்பீங்க. மெதுவாப் பேசியிருந்தா இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்கும் அண்ணி.

நான் பால் வெட்டப் போயிட்டிருந்த காலத்துல உங்களை என்ன கிண்டல் பண்ணியிருப்பேன்! ஆயான்னா புள்ளயத் தொட்டில்ல போட்டு ஆட்டணும், கஞ்சி ஊத்தணும், அழுதா ஒரு அதட்டு போடணும். எல்லாத் தோட்டத்துலயும் அதானே நடக்குது? நீங்க மட்டும் தோட்டம் தூக்கிப் போட்டதையெல்லாம் பொறுக்கிட்டு வந்து கொட்டகையில நிரப்பினீங்க. மரத்துல பால் பிடிக்கிற மங்கு உடைஞ்சது, சிரட்டை, பால் உறைய வைக்கிற ஓட்டைத் தட்டு, ஒரு மூட்டை கித்தாக் கொட்டை. "என்ன அண்ணி, பழைய சாமான் கடை வைக்கறீங்களா?"ன்னு கேட்டேன். நீங்க சிரிச்சுட்டு ஒரு கொட்டையை என் கையில குடுத்து, "இதே மாதிரி கோடு இருக்கிற இன்னொண்ணை மூட்டையிலிருந்து எடு பாப்போம்"னீங்க. அடேயப்பா! சாயங்காலம் வரைக்கும் நான் அங்கதான் உக்காந்திருந்தேன்.

அந்த வெடிச்ச கித்தாக் கொட்டையைக் கல்லுல சூடு ஏறத் தேய்ச்சு, பக்கத்துப் புள்ள தொடையில வச்சு அலற விடறதுதான் அதுவரைக்கும் நம்ம புள்ளைங்களுக்குத் தெரிஞ்ச விளையாட்டு. நீங்க அதே கொட்டையை வச்சு ஜோடி சேர்க்க வச்சீங்க, எண்ண வச்சீங்க, தரையில கோலம் மாதிரி அடுக்க வச்சீங்க. மரத்துல காஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை நூல் நூலா உரிச்சுப் பந்து சுத்த வச்சீங்க. அந்தப் பந்து குதிக்கிற குதியைப் பாத்து உங்களை விடப் பெரிசாச் சிரிச்சவங்க உண்டா?

இது எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது நம்ம கொட்டகைப் பெரட்டுதான். நிஜப் பெரட்டு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. விடியறதுக்கு முன்னாடி தண்டவாளத் துண்டுல மணி அடிப்பாங்க. களத்துல வரிசையா நிக்கணும். கங்காணி பேரைக் கூப்பிடுவாரு, "இருக்கேன்"னு சொல்லணும், அவரு குடுக்கற வேலைக்குப் போகணும். நம்ம புள்ளைங்க அம்மா இடுப்புல இருந்தபடியே அதைப் பாத்து வளர்ந்ததுங்க. அதனால நீங்க கொட்டகையிலயும் காலைல பெரட்டு வச்சீங்க. ஆனா தலைகீழா வச்சீங்க.

அங்க வேலையைக் கங்காணி சொல்வாரு, இங்க வேலையைப் புள்ள சொல்லணும். பேரைக் கூப்பிட்டதும் ஒரு அடி முன்னாடி வந்து, "இருக்கேன், மண் வேலை"ன்னோ "இருக்கேன், தண்ணி வேலை"ன்னோ கேட்டு வாங்கிக்கணும். மண் வேலைன்னா செம்மண்ணுல பானையும் மாடும் பண்றது. தண்ணி வேலைன்னா சிரட்டைக்குச் சிரட்டை சிந்தாம ஊத்தறது. மங்கு வேலைன்னா பெரிசு சின்னதுன்னு மங்கைக் கழுவி, துடைச்சு, அளவு பாத்து அடுக்கறது. நேத்து செஞ்ச வேலையை இன்னைக்குக் கேக்கக் கூடாதுன்னு ஒரு சட்டமும் போட்டீங்க. இல்லன்னா எல்லாம் மண்ணைத்தான் கேக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் எழுத்து வேலை. நம்ம குடும்பத்துல எழுத்து தெரிஞ்சு வந்தது நீங்க ஒருத்தர்தான். ஸ்டோர்ல கித்தா ஷீட்டு ஓரத்தைக் கத்தரிச்சுப் போடுவாங்களே, அதைக் கேட்டு வாங்கி, உள்ளங்கை அகலத்துக்கு அ, ஆ, க, ம-ன்னு வெட்டி வச்சீங்க. புள்ளைங்க கண்ணை மூடிட்டு விரலால அதைத் தடவணும், தடவினதை ஓட்டைத் தட்டுல பரப்பின மணல்ல எழுதணும். கொட்டகை முழுக்கப் புகைபோட்ட கித்தா வாடை. அந்த வாடைதான் எழுத்தோட வாடைன்னு நம்ம புள்ளைங்க நெனச்சிட்டிருக்கு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. இனிமேதான் உங்களுக்குத் தெரியாதது.

பழைய துரை மாத்தலாகிப் போயி புது வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் வந்திருக்காரு. ஆளு கெட்டவரு இல்ல, ஆனா எதைப் பாத்தாலும் இதுல என்ன வேலை வாங்கலாம்னுதான் பாப்பாரு. ஒருநாள் நாயைப் பிடிச்சுக்கிட்டுக் கொட்டகைக்குள்ள வந்தாரு. அந்த நேரம் பாத்து நம்ம அஞ்சலையும் இன்னும் ரெண்டு மூணு பெரிய புள்ளைங்களும் மங்கு வேலையில இருந்துச்சுங்க. உங்க மவளைச் சொல்லணுமா? தேங்காய் நாரால தேய்ச்சு, கவுத்து, கோடு போட்ட மாதிரி அடுக்கி வச்சிருந்தா. துரை குனிஞ்சு பாத்துட்டு, அவருக்கு வர்ற தமிழ்ல, "ஏ ஆயா! ரொம்ப நல்லா கை!"ன்னாரு. நானும் பெருமையாத் தலையை ஆட்டினேன்.

அன்னைக்குச் சாயங்காலமே பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. கொட்டகையில இருக்கிற பெரிய புள்ளைங்க இனிமே கித்தாக் காட்டுக்கு வரணுமாம். வெட்டற ஆளுங்களுக்குப் பின்னால போயி மங்கு கழுவணுமாம். "ஏன் கிராணி, ஆறு வயசுப் புள்ளைங்களா?"ன்னு நான் எகிறினேன். அவரு யாழ்ப்பாணத்துக்காரரு, சாந்தமான மனுசன். "நான் என்ன செய்யிறது முனியம்மா, துரை சொல்லிப்போட்டார். தகப்பன்மார் வேண்டாம் எண்டு சொன்னால் அது வேற கதை"ன்னாரு. சரி, எங்க அண்ணன் எப்படியும் வேண்டாம்னுதான் சொல்வாருன்னு நான் நிம்மதியா வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் சரின்னு சொல்லிட்டு வந்திருக்காரு.

எனக்கு உச்சி மண்டையில ஏறிருச்சு. ஆஸ்பத்திரியில உங்களுக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதானே? அஞ்சலையைப் பள்ளிக்கூடத்துல விடணும், கொட்டகையிலிருந்து நேரா அங்கதான் போகணும்னுதானே கேட்டீங்க? அண்ணன் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டினதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அதைச் சொல்லித்தான் சண்டை பிடிச்சேன். அவரு கால் கழுவிட்டிருந்தாரு. நிமிரவே இல்ல. "சொன்னவ போயிட்டா முனியம்மா"ன்னாரு.

அப்புறம் மெதுவா, "என் மர நிரையிலேயே கழுவட்டும். ஒவ்வொரு மரமா நான் வெட்டிட்டுப் போகும்போது அவ என் பின்னால இருப்பா. என் கண்ணு முன்னாடி இருப்பா"ன்னாரு. காட்டுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு அண்ணன் உங்களை விட்டுட்டுப் போன அன்னைக்குத்தானே நீங்க போயிட்டீங்க. அந்த பயம் அவருக்கு இன்னும் போகல. அதுக்காகப் புள்ளயோட படிப்பைப் பலி குடுக்கறதான்னு கேட்டேன். பெத்தவரு அவரு, நான் அத்தைதானே?

விடிஞ்சு பெரட்டுக்குப் போனோம். அஞ்சலைக்கு அண்ணனோட பழைய சட்டையை மாட்டி, கையை மடிச்சு விட்டு, கையில ஒரு சின்ன தகர வாளி. முழங்காலுக்குக் கீழ தொங்குது சட்டை. நான் ஒரு கைப்புள்ளயை இடுப்புல வச்சுக்கிட்டு, மத்ததுங்களை வேலியோரமா நிறுத்திக்கிட்டு, பாத்துட்டே இருந்தேன். எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. துரை கடிகாரத்தைப் பாத்துட்டு நின்னாரு. கங்காணி பேரைக் கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு. கடைசியில, "அஞ்சலை!"

அவ ஒரு அடி முன்னாடி வந்தா. வாளியை இறக்கி வச்சு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, நம்ம கொட்டகையில சொல்ற அதே சத்தத்துல, "இருக்கேன்! எழுத்து வேலை!"ன்னா.

கங்காணிக்குப் புரியல. "என்னா வேலை?"

"எழுத்து வேலை, கங்காணி மாமா."

"ஏய், உனக்கு மங்கு கழுவற வேலை. அப்பாகூடப் போ."

"அது நேத்தே செஞ்சுட்டேன். நேத்து செஞ்ச வேலையை இன்னைக்குக் கேக்கக் கூடாது."

அண்ணி, அவ எதிர்த்துப் பேசல. தன் பேரைக் கூப்பிடற பெரட்டுன்னா அவளுக்கு நம்ம கொட்டகைப் பெரட்டு ஒண்ணுதான். கங்காணி மாமா சட்டம் தெரியாம தப்பா விளையாடறாருன்னு நெனச்சு, பாவம், சொல்லிக் குடுத்தா. வேலியோரம் நின்ன நம்ம பட்டாளம் சும்மா இருக்குமா? யாரும் கூப்பிடாமலே, "இருக்கேன், மண் வேலை!" "இருக்கேன், கொட்டை வேலை!"ன்னு ஒவ்வொண்ணா ஆரம்பிச்சிருச்சு. களமே கொல்லுன்னு சிரிச்சுது.

"என்ன? என்ன சொல்லுது?"ன்னு துரை கேட்டாரு. பெரிய கிராணி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "அந்தப் பிள்ளை என்ர வேலையை எல்லோ கேக்குது, துரை"ன்னாரு. அதுக்கு இன்னும் சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்கல. அவரு வாளியைக் கீழ வச்சுட்டு வந்து அவ முன்னாடி குந்தினாரு.

"எழுத்து வேலைன்னா என்னம்மா?"ன்னு கேட்டாரு. இத்தனை நாள் அவரு அதைக் கேட்டதே இல்ல. காலையில விட்டுட்டுப் போவாரு, காட்டுலேருந்து வந்து கூட்டிட்டுப் போவாரு, அவ்வளவுதான்.

அஞ்சலை அந்தப் பெரட்டுக் களத்து மண்ணைக் கையால தடவிச் சமமாக்கினா. ஒத்தை விரலால எழுதினா. அவசரமே படல. எழுதி முடிச்சுட்டு, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதேன்னு அவளே விரலை வச்சுக் காட்டினா. "ராசம்மா. இது அம்மா."

அண்ணன் அதையே பாத்தாரு. நானும் அதைத்தான் பாத்தேன். அப்புறம் அண்ணன் எந்திரிச்சு, அந்த எழுத்தை மிதிக்காம சுத்தி வந்து, புள்ளையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. பெரிய துரைமார் முன்னாடி தலை நிமிராத மனுசன், நேரா நிமிந்து, கொட்டகைப் பக்கம் கையை நீட்டி, "துரை, இவ பேரு அந்தப் பெரட்டுல இருக்கு"ன்னாரு.

துரை மூஞ்சி செவந்துச்சு. கிராணியைப் பாத்தாரு. கிராணி, "தகப்பன் வேண்டாம் எண்டு சொல்லுறான், துரை"ன்னு மட்டும் சொன்னாரு. துரை மறுபடி கடிகாரத்தைப் பாத்தாரு. "சரி, சரி, நேரமாச்சு. எழுத்து வேலை போ. மத்த ஆள் எல்லாம் மரத்துக்குப் போ"ன்னுட்டு நாயை இழுத்துக்கிட்டு நடந்துட்டாரு. அவ்வளவுதான் அண்ணி. அண்ணன் அவளை என்கிட்ட இறக்கி விட்டுட்டு, முகத்தைத் துடைச்சுக்கிட்டு, கத்தியைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

எல்லாரும் அப்படி நிக்கல. நம்ம லயத்து மாரியோட பெரிய மவனைக் காட்டுக்குத்தான் அனுப்பினாங்க. அவங்க வீட்டுல கஷ்டம், நான் அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வாத்தியார்கிட்டப் பேசி, மத்தியானம் காட்டுலேருந்து வந்ததும் அவன் பள்ளிக்கூடத்துல உக்காரணும்னு ஏற்பாடு பண்ணியிருக்கேன். மாரி, நீ இதைக் கேட்டுட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும். ஒருநாள் அவன் வரலன்னாலும் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்.

அஞ்சலை இப்பப் பள்ளிக்கூடத்துல முன் பலகையில உக்காந்திருக்கா. அண்ணனே பெக்கோக் டவுனுக்கு நடந்து போயி சிலேட்டு வாங்கிட்டு வந்தாரு. சாயங்காலம் அவரு கால் கழுவிட்டு வந்ததும் அவ சிலேட்டைத் தூக்கிட்டுப் போயி மடியில உக்காந்துக்கறா. தினமும் முதல்ல உங்க பேரை எழுதச் சொல்லிப் பாத்துட்டுத்தான் அவரு சோத்துல கை வைக்கிறாரு. இப்ப உங்க பேரை அவரே எழுதறாரு அண்ணி. ரா-வுக்குக் கால் கொஞ்சம் நீளமாப் போகுது, மத்தபடி நல்லாத்தான் இருக்கு.

நான் எழுதக் கத்துக்கிட்ட கதைக்கு வர்றேன். அந்தக் களத்துச் சம்பவம் நடந்ததுக்கு மறுநாள் கொட்டகையில பெரட்டு கூப்பிட்டு முடிச்சேன். புள்ளைங்க கலையாம நிக்குதுங்க. என்னடான்னு கேட்டா, "ஆயா, உங்க பேரை யாரும் கூப்பிடலையே. உங்களுக்கு என்ன வேலை?"ன்னு கேக்குதுங்க. அஞ்சலை, பெரிய கங்காணியாட்டம் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "முனியம்மா!"ன்னு கூப்பிட்டா. சொந்த அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடறா பாருங்க, எல்லாம் நீங்க குடுத்த இடம்!

நான் ஒரு அடி முன்னாடி வந்தேன். "இருக்கேன், எழுத்து வேலை"ன்னேன். நீங்க வெட்டி வச்ச கித்தா எழுத்தைக் கண்ணை மூடிட்டுத் தடவினேன். பால் வெட்டிக் காய்ச்சுப் போன விரலு, முதல்ல ஒண்ணுமே தெரியல. புள்ளைங்க என் விரலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போச்சுங்க. நீங்க கத்தியால வளைச்ச ஒவ்வொரு வளைவும் அதுல இருந்துச்சு. உங்க கையைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு அண்ணி, மறைக்காமச் சொல்றேன், ஓன்னு அழுதுட்டேன். அப்படித்தான் எழுத்து எனக்கு வந்துச்சு.

ஒரு வாக்குக் குடுக்கறேன், லயத்துல இருக்கிற அத்தனை பேரும் சாட்சி. இந்தக் கொட்டகையில நான் இருக்கிற வரைக்கும், இங்கேருந்து வெளிய போற எந்தப் புள்ளயும் தன் பேரைத் தன் கையால எழுதத் தெரியாம போகாது. கத்தியும் வாளியும் அதுக்கப்புறம்தான் அந்தக் கையில ஏறணும். எந்தத் துரை வந்தாலும் சரி, நாயோட வந்தாலும் சரி.

புள்ளைங்க தூங்கி எந்திரிக்கிற நேரம் ஆச்சு, நிறுத்திக்கறேன். இன்னும் எழுதணும்னு ஆசையாத்தான் இருக்கு. நாளைக்கு எழுத முடியாது, நீங்க போட்ட சட்டம் எனக்கும் உண்டு. நாளைக்கு அஞ்சலையோட சேக்காளிங்க பெரட்டுல என் பேரைக் கூப்பிட்டா நான் மண் வேலை கேக்கணும்.

உங்க கையைத் தடவி எழுதப் படிச்ச உங்க நாத்தனார்,
முனியம்மா